அடுப்புச் சாம்பலில் உட்கார்ந்தவன்

அந்தக் கப்பலின் பேர் ஆர்கோ. இப்போது ஊர் ஊராகப் பாடுகிறார்கள். பொன் ஆட்டுத்தோலைத் தேடிப் போன வீரர்களாம், பாதிப் பேர் சாமிக்குப் பிறந்தவர்களாம். பாடட்டும், யார் வேண்டாமென்றது? அந்தக் கப்பலில் எனக்குத் தெரிந்தவன் ஒருத்தன்தான். ஆல்கிதாஸ். என் புருஷனைக் கொன்றவன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கொழுந்தன் பெரிலாஸ் போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். இனிமேல் சொன்னால் யாருக்கும் ஆபத்தில்லை.

அவர்கள் எங்கள் கரைக்கு முதலில் விருந்தாளியாகத்தான் வந்தார்கள். எங்கள் ராஜா சின்னப் பையன், தாடிகூடச் சரியாக முளைக்கவில்லை. வந்தவர்களை வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துச் சாப்பிட அனுப்பினான். எங்களுக்கு வாய்த்தவன் ஆல்கிதாஸ். வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தான், அவ்வளவு உயரம்.

"கப்பல் முழுக்கச் சாமி பிள்ளைங்கன்னு சொல்றாங்களே. நீ எந்தச் சாமியோட பிள்ளைப்பா?" என்று கேட்டேன்.

"நான் குயவன் பிள்ளைக்கா. துடுப்புப் போடவும் ஆள் வேணும்ல?"

என் புருஷன் தேலோன் சிரித்துவிட்டார். தேலோன் சிரித்து நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற காரியம் அது. பேசவே மாட்டார். கடலுக்கு எதிர்க்கரையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் நான். எனக்கு இந்த ஊரில் அண்ணன் தம்பி இல்லை, பிள்ளையும் தங்கவில்லை. என் பேச்சைக் கேட்க இருந்தது அவர் ஒருத்தர்தான். அவர் கேட்டாரா என்பதே எனக்குச் சந்தேகம். நான் பாட்டுக்குப் பேசுவேன், அவர் பாட்டுக்கு வலையைப் பின்னிக்கொண்டிருப்பார்.

ஆல்கிதாஸ் பாற்கட்டியையும் பார்லிக் களியையும் ஒரு பிடி பிடித்தான். "அக்கா, இந்தக் கப்பல்ல எல்லாருக்கும் சண்டை போடத் தெரியும், ஒருத்தனுக்கும் சமைக்கத் தெரியாது" என்றான். மறுநாள் காலையில் பாய் விரித்துக் கிளம்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அவனைப் பற்றியே பேசினேன். நல்ல பையன், தாய் கொடுத்து வைத்தவள், நமக்கு ஒன்று தங்கியிருந்தால் இந்த வயசுதான் இருக்கும் என்று புலம்பித் தள்ளினேன். தேலோன் வலையிலிருந்து தலை தூக்கவில்லை.

அன்றிரவு காற்று திரும்பிக் கப்பலை எங்கள் கரையிலேயே கொண்டுவந்து தள்ளியது. கும்மிருட்டு. எந்தக் கரை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வந்தது யாரென்று எங்கள் ஆட்களுக்கும் தெரியவில்லை. கொள்ளையடிக்க வரும் மாக்ரி ஆட்கள்தான் என்று நினைத்து ஈட்டியோடு ஓடினார்கள். தேலோனும் ஓடினார். விடிந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ராஜாவும் செத்துக் கிடந்தான். அவன் புதுப் பெண்டாட்டி கயிற்றில் தொங்கிவிட்டாள். பாவம், கல்யாண மாலைகூட வாடியிருக்காது.

கொன்றவர்களும் சேர்ந்துதான் அழுதார்கள். சேர்ந்துதான் மண் குவித்தார்கள். யார் கையில் யார் செத்தார்கள் என்று எவனும் வாய் திறக்கவில்லை, எங்கள் பெண்களும் கேட்கவில்லை. துக்கத்துக்கு ஊரில் ஒரு வீட்டிலும் திரிகை சுற்றவில்லை, அடுப்பு எரியவில்லை. பார்லியை ஊறவைத்துப் பச்சையாக மென்றோம். காற்றோ நின்றபாடில்லை. கொன்றவர்களின் கப்பல் எங்கள் கண்ணெதிரிலேயே கட்டிக் கிடந்தது.

பெரிலாஸ் மட்டும் அடங்கவில்லை. தினமும் வாசலில் வந்து நிற்பான். "அண்ணி, யாருன்னு மட்டும் தெரியட்டும். ஊரே மன்னிச்சாலும் நான் விட மாட்டேன். அண்ணன் ரத்தம்." சொன்னால் செய்கிறவன் அவன். செய்தால் கப்பல்காரர்கள் சும்மா விடுவார்களா? இவனும் போவான், இவனோடு இன்னும் எத்தனை பேரோ.

ஒரு காலையில் நான் கிணற்றிலிருந்து வந்து பார்க்கிறேன், என் அடுப்படியில், ஆறிப்போன சாம்பலில், ஆல்கிதாஸ் உட்கார்ந்திருக்கிறான். கத்தியை முன்னால் தரையில் குத்தி வைத்திருந்தான். தலை நிமிரவில்லை. வாயும் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூட இது புரியும். கொலை செய்தவன், செத்தவன் வீட்டு அடுப்படிக்கு வந்து இப்படி உட்காருவான். பன்றிக்குட்டியின் ரத்தத்தை அவன் கையில் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். அதுவரை அவன் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கழுவிவிட்டால் பாவம் போயிற்று, எழுந்து போகலாம். கழுவ முடியாது என்றால் அப்படியே போக வேண்டியதுதான், ஆயுசுக்கும் அந்தக் கையோடு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அகப்பையை எடுத்து அவன் முதுகில் அடித்தேன். "நீயாடா? என் கையால தின்னுட்டுப் போனவன் நீயாடா? வெளியே போடா!" என்று கத்தினேன். அசையவில்லை. கை வலித்ததும் நானே நிறுத்திக்கொண்டேன்.

கதவைச் சாத்தி வைத்தேன். பெரிலாஸ் வந்தபோது, "துக்க வீடு, உள்ளே வராத" என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டால், இரக்கத்தினால் இல்லை. தேலோன் சாகும்போது பக்கத்தில் இருந்தவன் இவன் ஒருத்தன்தான். என் புருஷன் ஏதாவது சொன்னாரா? என் பேரைச் சொன்னாரா? அது இந்த உலகத்தில் இவனுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் இவன் கையைக் கழுவ வேண்டும். இல்லையென்றால் இவன் வாய் திறக்கமாட்டான். இதென்ன அநியாயம்!

அவன் தினமும் விடியும்போது வருவான், இருட்டும்போது போவான். நான் திட்டுவேன். திட்டித் திட்டி வார்த்தை தீர்ந்துபோனது. பிறகு வேறு ஏதேதோ பேசினேன். ஆட்டுக்குக் கால் வீங்கியிருப்பதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி என் வாளியைத் திருப்பித் தரவில்லை என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் சட்டென்று உறைத்தது. நான் தேலோனிடம் பேசுகிற மாதிரி இவனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் அவன் கொஞ்சம் தாமதமாக வந்தபோது, நான்கு தடவை கதவைத் திறந்து பார்த்தேன். பேசாத மனுஷன் இருக்கிற வீடு வேறு, ஆளே இல்லாத வீடு வேறு. சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் அதுதான் உண்மை.

கடைசியில் ஒரு காலையில் காற்று நின்றது. கரையில் கூச்சல் கேட்டது, துடுப்புகளை ஏற்றினார்கள். அவர்கள் தலைவன் பேர் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஆல்கிதாஸ் அசையாமல் இருந்தான்.

நான் கொல்லைக்குப் போய்ப் பால்குடிப் பன்றிக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்தேன். அவன் கையை நீட்டினான். அறுத்து, ரத்தத்தை அந்தக் கையில் விட்டேன். தேலோனைக் குத்திய கை. பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் நானே தேய்த்துவிட்டேன். அழுகை தாங்கவில்லை.

"போச்சு. இப்ப பேசு. என்ன சொன்னாரு?"

இத்தனை நாள் மூடிக்கிடந்த வாய், குரலே சரியாக வரவில்லை. "குத்தினதும் என் காலைப் பிடிச்சாருக்கா. நான் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். குரல் தெரிஞ்சுபோச்சு. 'குயவன் பிள்ளையா?'ன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"'அவகிட்ட நீதான்னு சொல்லிடாத'ன்னாரு. 'சாயங்காலம் பூரா உன்னைப் பத்தியே பேசிட்டிருந்தா. நல்ல பையன்னா. நம்ம பிள்ளை இருந்தா இந்த வயசுதான்னா. அவளுக்கு அந்த நினைப்பு ஒண்ணாவது இருக்கட்டும். மாக்ரிக்காரன் குத்தினான்னு சொல்லிடு'ன்னாரு. அவ்வளவுதான்."

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் அந்த மனுஷன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

"சொல்லாதன்னு சொன்னாருல்ல? அப்புறம் ஏன்டா வந்த? அவரு கேட்டது அது ஒண்ணுதானேடா!"

"தனியா வச்சுக்க முடியலக்கா" என்றான். கீழே கரையில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் காலைத் தொட்டான், கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஓடும்போது அவன் நடையில் பாரமே இல்லை.

கப்பல் கரையை விட்டு நகர்ந்த சமயத்தில் பெரிலாஸ் மூச்சு வாங்க வந்தான். கையில் வில்.

"அண்ணி, போறாங்க. ஏதாவது தெரிஞ்சுதா? இப்ப சொன்னாலும் போதும். முனைக்குப் போனா அம்பு எட்டும். யாருன்னு மட்டும் சொல்லு."

ஆர்கோவின் துடுப்புகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. நடு வரிசையில் அந்த உயரமான தலை நன்றாகவே தெரிந்தது. நல்ல பையன் என்று சொன்ன அதே வாயால் நான் சொன்னேன்:

"இருட்டுல யாருக்குடா தெரியும்? மாக்ரிக்காரனாக்கூட இருக்கலாம்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். "ஏங்க" என்று ஆரம்பித்தேன். "அந்தப் பையன் எல்லாத்தையும் சொல்லிட்டான். நீங்க சொல்லக்கூடாதுன்னு சொன்னதையும் சேர்த்தே சொல்லிட்டான். கேட்டீங்களா?"