குலசேகரத்தின் தளமும் ஞானாம்பிகையின் பக்கமும்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு குலசேகரம் இணையத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பே வேறு சிலரும் அதைக் கண்டுபிடித்திருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. இன்சூரன்ஸ் காப்புறுதி விற்று, பினாங்கில் பாதிப் பேரைத் தன்னைக் கண்டதும் தெருவின் எதிர்ப்பக்கம் நடக்க வைத்தவர் அவர். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவரும் அவரே. சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதன் விலாசம் போட்ட ஐந்நூறு ஸ்டிக்கர் அச்சாகி வந்துவிட்டது. தளம் அதற்குப் பிறகுதான் வந்தது.

திறப்பு விழா பிரமாதம். கணினிக்கு மாலை போட்டார்கள். இதழ்கள் விசைப்பலகைக்குள் உதிர்ந்ததில் இரண்டு எழுத்துகள் அன்றோடு வேலை செய்வதை நிறுத்திக்கொண்டன. இணைப்புக் கிடைக்காததால், முகப்புப் பக்கத்தை வண்ணத்தில் அச்செடுத்துச் சட்டம் போட்டு, அதைத் திரை விலக்கித் திறந்து வைத்தார்கள். கைதட்டலில் குறை இல்லை.

தளத்தில் பன்னிரண்டு பகுதிகள். ஒன்றில் தலைவர் உரை. மற்ற பதினொன்றிலும் ‘விரைவில்’ என்று இருந்தது. தமிழ் எழுத்துரு இல்லாதவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்ற குறிப்பை அதே எழுத்துருவில் போட்டிருந்தார்கள். ஆகவே அது தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

தளத்தைக் கவனித்துக்கொண்டவர் பஷீர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் போட்டோஸ்டாட் கடை வைத்திருந்தவர், நான்கு கணினிகளை வாங்கிப் போட்டு அதை இணையக் கடையாகவும் ஆக்கியிருந்தார். ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸின் இருக்கைகளில் ஸ்டிக்கர் ஒட்டி இரண்டு மாதம் ஆனபோது, பக்கத்தின் அடியில் ஓடிய வருகை எண் முந்நூற்று நாற்பதைத் தொட்டது.

“அதுல முந்நூறு நீங்கதாண்ணே,” என்றார் பஷீர். “நீங்க தொறந்து பாக்குறப்பல்லாம் ஒன்னு ஏறும்லா.”

“மிச்சம் நாப்பது இருக்குல்ல? ஸ்டிக்கர் வேல செய்யுது,” என்ற குலசேகரம் இன்னும் ஆயிரம் அச்சடிக்கச் சொன்னார்.

செயற்குழுவில் யாரோ பதினொரு ‘விரைவில்’களைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். குலசேகரம் உடனே மனைவியின் அக்கா ஞானாம்பிகையைத் தேடிப் போனார். அரசாங்க அலுவலகம் ஒன்றின் பென்ஷன் பிரிவில் முப்பத்தொரு வருடம் கடிதம் எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மாள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் தனியாக இருந்தார்.

“அக்கா, ஏதாச்சும் எழுதிக் குடுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல, யாரும் படிக்கப் போறதில்ல.”

“படிக்கப் போறதில்லன்னா எதுக்குப்பா எழுதணும்?”

“எடம் காலியா இருக்குக்கா.”

இந்த உயர்ந்த நோக்கத்துக்காக ஞானாம்பிகை எழுத உட்கார்ந்தார். வேறு எதுவும் தெரியாததால் தெரிந்ததை எழுதினார். ஒரு விதவையின் பென்ஷன் விண்ணப்பப் பாரம் மூன்று முறை திரும்பி வந்த கதை அது. கணவரின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஆங்கிலக் ‘கே’யில் தொடங்கியது, அடையாள அட்டையில் ‘சி’யில். திருமணப் பத்திரத்தில், எழுதியவருக்கு அன்று என்ன மனநிலையோ, ‘ஜி’யில். அலுவலகத்தின் பார்வையில் அந்த அம்மாள் மூன்று பேரைக் கட்டியவர், அவர்களில் ஒருவர் மட்டுமே இறந்திருந்தார். எந்தக் கவுண்டருக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும், என்ன கேட்டால் என்ன பதில் வரும், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஏன் போகக்கூடாது என்பதையெல்லாம் கதைக்குள்ளேயே சொல்லியிருந்தார். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றினார். விதிகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றனவா என்று பழைய சகாக்களுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டு, மூன்று தடவை திருத்தி எழுதிய பிறகே பஷீரிடம் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு கதை. பக்கத்தின் அடியில் அவர் பெயருக்குப் பதில் ‘ஆசிரியர் குழு’ என்று இருந்தது.

ஏழாவது வாரம் சுங்கை பினாங்கிலிருந்து நூர் பீவி என்ற பெண் பஷீரின் கடைக்கு வந்தார். கணினிகளைப் பார்த்து ஒதுங்கியே நின்றார்.

“பேரத் தப்பா எழுதுன கதை ஒன்னு இருக்காமே, அத ஒரு காப்பி எடுத்துக் குடுங்க தம்பி.”

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“துணி காயப்போடுறப்ப பக்கத்து வீட்டு அக்கா சொன்னிச்சு. அதுக்கு ஈப்போவுல இருந்து மருமகன் ஃபேக்ஸ்ல அனுப்புனானாம்.”

அடுத்த வாரமும் வந்தார். அவருக்குப் பாரம் எதுவும் நிரப்ப வேண்டியிருக்கவில்லை. கதை நன்றாக இருந்ததாம்.

நான்கு மாதத்தில் வருகை எண் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. டொரொன்டோவிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவ்வளவு தூரம் ஸ்டிக்கர் எப்படிப் போனது என்று குலசேகரமே வியந்தார். பத்தாயிரமாவது வருகையைக் கொண்டாட மண்டபம் பிடித்தார். கொண்டாட்டத்தை அறிவிக்கத் தன் படங்கள் ஆறைப் போட இடம் வேண்டியிருந்தது.

“நல்லது நடக்குறப்ப சாவு, விதவைன்னு எதுக்கு? அந்தக் கதைகளத் தூக்கிடு பஷீர்.”

தூக்கினார்கள். எண் ஒன்பதாயிரத்து நானூற்றில் வந்து நின்றது. அதன் பிறகு நாளுக்குப் பத்து ஏறியது. அந்தப் பத்தும் யாருடையது என்று பஷீருக்குத் தெரியும். மழையில் ஸ்டிக்கர்கள் ஊறி உரிந்துவிட்டதாகக் குலசேகரம் செயற்குழுவில் விளக்கினார். பஸ்ஸுக்குள் எப்படி மழை பெய்தது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த கதையோடு கடைக்கு வந்தபோதுதான் ஞானாம்பிகைக்கு விஷயம் தெரிந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவர் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்களில் கையெழுத்து வேறு யாருடையதாகவோ இருந்தது. அதற்கெல்லாம் அவர் வருந்தியதில்லை. இது வேறு. காகிதத்தை நான்காக மடித்தார்.

“எடம் இப்ப காலியா இல்ல போலிருக்கு.”

“அக்கா, நான் இலவசமா ஒரு பக்கம் தொறந்து தரேன்,” என்றார் பஷீர். “விலாசம் நீளம், யாருக்கும் வாயில நுழையாது. ஸ்டிக்கரும் கெடையாது.”

“நல்லதாப் போச்சு.”

“பேரு போடவா?”

ஞானாம்பிகை மடித்த காகிதத்தைப் பிரித்து பஷீரிடம் நீட்டினார். பிறகு சொன்னார்: “போடுங்க. முழுசா. இங்கிலீஷ்ல ‘ஜி’யில ஆரம்பிக்கணும். ரெண்டு தடவ பாத்துக்குங்க.”

வாயில் நுழையாத விலாசத்தை மூன்று வாரத்துக்குள் சனங்கள் தேடிப் பிடித்துவிட்டார்கள். அங்கே வருகை எண் போட வேண்டாம் என்று ஞானாம்பிகை சொல்லிவிட்டார். வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதவே நேரம் போதவில்லை.

ஆண்டுக் கூட்டத்தில் குலசேகரம் ‘இணையத்தில் வாசகர்களைப் பெருக்குவது எப்படி’ என்று நாற்பது நிமிடம் பேசினார். வரைபடம் காட்டினார். கோடு உச்சியைத் தொட்ட வாரத்தோடு வரைபடம் முடிந்துவிட்டது. நாங்கள் கைதட்டினோம், வடை நன்றாக இருந்தது.

ஞானாம்பிகை வரவில்லை. அன்று தைப்பிங்கிலிருந்து முனுசாமி என்ற ஒருவர், பஷீரிடம் வழி கேட்டு, தாயாரின் பத்திரங்களை பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்திருந்தார்.

“அம்மா பேரு இதுல எதுல சரியா இருக்கு?” என்று கேட்டார் ஞானாம்பிகை.

“எதுலயும் இல்லக்கா.”

தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஞானாம்பிகை மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“சொல்லுங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க.”