ஓரங்கட்டப்பட்ட ஆபீஸ்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னல்களோடு மல்லுக்கட்டிய ஒருத்தியின் கதை இது.

எதிலும் பிழை கண்டுபிடிப்பதால் வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே குறிப்புத்தாள், அதன் மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது வேலை. தாள்களெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில். அந்தக் கம்ப்யூட்டரின் திரையை வீட்டிலிருந்தே தன் லேப்டாப்புக்குள் வரவழைத்துத்தான் பார்ப்பாள். திரையில் திறக்கும் ஒரு ஜன்னலுக்குள் ஆபீஸ், அந்த ஆபீஸுக்குள் ஏழெட்டு ஜன்னல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. மூலத்தைப் படித்துவிட்டு மொழிபெயர்ப்பைத் தேடி எடுப்பதற்குள் மருந்தின் அளவு மனசிலிருந்து நழுவிவிடும். போன வாரம் இரண்டு பிழைகள் தப்பிவிட்டன.

காலையிலேயே மேலதிகாரி போன் செய்தார். “மத்தியானத்துக்குள்ள பன்னண்டு தாள் வேணும். இன்னொரு தப்பு வந்தா வேற ஆள்கிட்ட குடுத்துருவேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா.”

போனை வைத்தவள், “வேற எப்படி எடுத்துக்கிறதாம்!” என்று முணுமுணுத்தாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கீபோர்டில் ஜன்னல் படம் போட்ட பொத்தானோடு இடது அம்பையும் அமுக்கினால் தாள் பாதித் திரையில் ஒட்டிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அமுக்கினாள். தாள் அசையவில்லை. ஆபீஸே மொத்தமாக இடது பக்கம் போய் ஒடுங்கி நின்றது.

“ஒரு ஜன்னலும் சொன்ன இடத்துல நிக்க மாட்டேங்குதே!”

அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த மாமியார், அறை ஜன்னலின் கொக்கியை இழுத்துப் பார்த்தார். “நல்லாத்தானேடி நிக்குது?”

“அது இல்ல அத்தை, இது.”

மாமியார் திரையை எட்டிப் பார்த்தார். “என்னடி, ஆபீஸையே ஓரங்கட்டிட்டே?”

“நீங்க வேற! அதுதான் என்னை ஓரங்கட்டப் பாக்குது.”

சிரித்துவிட்டு மறுபடி உற்றுப் பார்த்தாள். திரையின் அடியில், திறந்திருப்பவற்றை வரிசையாகக் காட்டும் பட்டைகள் இரண்டு. மேலே ஆபீஸ் பட்டை, அதற்குக் கீழே லேப்டாப்பின் சொந்தப் பட்டை. அப்போதுதான் உறைத்தது. அவள் அமுக்கியது லேப்டாப்பின் காதில் மட்டுமே விழுந்திருக்கிறது, ஆபீஸ் வரை போகவே இல்லை!

மூலையில் இருந்த சின்னச் சதுரத்தை அமுக்கி ஆபீஸை முழுத்திரைக்கு விரித்தாள். கீழ்ப்பட்டை மறைந்தது. வேண்டாத ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடினாள். மறுபடி அதே பொத்தானையும் அம்புகளையும் அமுக்கினாள். மூலம் இடப்பக்கம், மொழிபெயர்ப்பு வலப்பக்கம். இப்போது இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டுத் தோளோடு தோள் நின்றன. வரிக்கு வரி விரல் வைத்து இறங்கினாள்.

ஒன்பதாவது தாள், குழந்தைகளின் காய்ச்சல் மருந்து. இடப்பக்கம் ½ மாத்திரை. வலப்பக்கம் ‘ஆறு மாத்திரை’. அரை என்று எழுத வேண்டியவர் ஆறு என்று எழுதியிருக்கிறார். திருத்தி, சிவப்பில் குறித்து, மிச்சம் மூன்றையும் முடித்து அனுப்பினாள்.

மதியம் மறுபடி போன் அடித்தது. மேலதிகாரியின் குரல் இறங்கியிருந்தது. “அந்த ஆறை நானும் படிச்சேம்மா, கண்ணுல படல... நாளைக்கும் பன்னண்டு தாள் அனுப்பறேன்.”

“பதினஞ்சா அனுப்புங்க” என்றாள் பூதக்கண்ணாடி.

உங்கள் வீட்டில் மருந்து தேவைப்படாத நாட்களே நிறைந்திருக்கட்டும், செல்லங்களா. தேவைப்படுகிற அன்றைக்கு, அதன் தாளை இவளைப் போல ஒருத்தி பார்த்திருக்கட்டும்.