வெறும் ஷெட்டு மேல தண்ணி

1

உண்மையச் சொல்லிடறனுங்க. இந்தக் கதை எனக்குச் சொந்தமில்ல. சேலத்துல இருந்து நாமக்கல் போற பஸ்ஸுல முன் சீட்டுல ஒரு பொண்ணு போன் பேசிட்டு வந்துச்சு. “சார், அவரு எந்திரிக்கலீங்க சார். அதை மட்டும் மாத்தாதீங்க சார்.” அவ்ளோதான். ராசிபுரத்துல எறங்கிப் போயிருச்சு. மூஞ்சியக்கூட நான் பாக்கல. யாரு எந்திரிக்கல, யாரு எதை மாத்துறாங்க, ஒண்ணும் தெரியாது. மிச்சம் பூராவும் நானா போட்டுக்கிட்டது.

2

மொதல்ல இப்படி ஆரம்பிச்சேன்: “கோழிப்பண்ணைத் தொழில் மாநாட்டுக்கு ஒரு வாரமே எஞ்சியிருந்த நிலையில்...” (பேப்பர்ல வர்ற நியூஸ் மாதிரி இருக்கு. வெட்டியாச்சு.)

அப்புறம்: “மதுமதியின் கண்களில்...” (கண்ணுல என்ன? ஒரு மண்ணும் இல்ல. தூக்கமில்ல, அதான்.)

சரி, நேராவே சொல்றேன். மதுமதி விழா, மாநாடெல்லாம் எடுத்து நடத்திக் குடுக்கற கம்பெனில வேலை பாக்கறா. நாமக்கல்ல நடக்கற இந்தக் கோழிப்பண்ணைக்காரங்க மாநாடுதான் அவ தனியா எடுத்துச் செய்யற மொத வேலை. இது நல்லா நடந்துட்டா அவளுக்கு

(இந்த வாக்கியத்த முடிக்க மனசு வரல. அப்படியே கெடக்கட்டும்.)

சிறப்புப் பேச்சாளர் பிரபாகர், சென்னை. தெனமும் போன். காலர் மைக் வேணும். முன் வரிசைல சோபா போடக் கூடாது, சோபால சாஞ்சவன் கைதட்ட மாட்டான். பேச்சு சாப்பாட்டுக்கு முன்னாடிதான், பிரியாணிக்கு அப்புறம் எவன் பேசினாலும் தாலாட்டுதான். மதுமதி சிரிச்சுக்கிட்டே எல்லாம் செஞ்சு குடுத்தா. கடைசியா கேட்டாரு: “உங்க ஊர்க் கதை ஒண்ணு வேணும் மேடம். விழுந்து எழுந்தவர் யாராவது?”

வாய் தவறி வந்துருச்சு அவளுக்கு. “எருமப்பட்டில ஒருத்தருங்க சார். சித்திரை வெயிலு. கரண்டு போயி கோழி ஷெட்டுக் கூரை மேல தண்ணி தெளிக்க முடியல. கோழி பூராவும் செத்துப்போச்சு. அவரேதான் குழி வெட்டிப் பொதைச்சாரு. மறுநா கரண்டு வந்துச்சு. வெறும் ஷெட்டு மேல பொழுது எறங்கற வரைக்கும் தண்ணி தெளிச்சுட்டே இருந்தாருங்க.”*

பிரபாகர் கேட்டாரு: “அப்புறம்?”

“அப்புறம் கட்டில்ல படுத்துட்டாருங்க.”

“எப்ப எழுந்தாரு?”

“எந்திரிக்கலீங்க சார்.”

“அதை நான் பாத்துக்கறேன் மேடம்.”

* அந்த ஒருத்தரு மதுமதியோட அப்பா, கந்தவேலு. அவ அதை பிரபாகர்கிட்டச் சொல்லல. ஏன் சொல்லலைன்னு எங்கிட்டயும் சொல்லல.

3

பிரபாகர வில்லனா எழுதிப் பாத்தேன். தங்கக் கடிகாரம், சென்ட்டு, போலிச் சிரிப்பு. ஒட்டவே இல்ல. பயந்துபோயி மதுமதி மறுபடி போன் பண்றா (நான் பஸ்ஸுல கேட்டது இந்த போனுன்னே வெச்சுக்கலாம்). அதுக்கு அவரு சொன்னாரு:

“மேடம், அந்த ஹால்ல விழுந்தவன் எத்தனை பேரு உக்காந்திருப்பான்? ஒருத்தன்கூட எழுந்திரிக்கலன்னு சொல்லியா அவனை வீட்டுக்கு அனுப்பறது?”

போனை வெச்சுட்டு மதுமதி மைக்குக்காரரக் கூப்புட்டா.

4

கந்தவேலு மாநாட்டுக்கு வரக் கூடாது. மதுமதிக்கு அது வேணாம். ஆனா கதைக்கு வேணும். நான்தான் அவரை பஸ் ஏத்தி விட்டேன்.

ரெண்டு வருசமா ஊட்டு வாசப்படி தாண்டாத மனுசன். “நீ நடத்தறது, நான் வராம இருப்பனா சாமி?”ன்னு மண்டபத்துல வந்து நிக்கறாரு. வெள்ளச் சட்டை தொளதொளன்னு தொங்குது. வாசல்ல தீவனக்கடை தனசேகர் புடிச்சுக்கிட்டாரு.

“ஏனுங்க கந்தவேலு, உசுரோடதான் இருக்கறீங்களா? கருமாதிக்குக்கூடச் சொல்லாம போயிட்டீங்கன்னு நெனச்சனுங்க!”

“அதெப்படீங்க, உங்களுக்குச் சொல்லாமயா போவேன்.”

சிரிச்சாரு. அவரு சிரிச்சதப் பாத்ததும் மதுமதி அவர மூணாவது வரிசைல உக்கார வெச்சுட்டு மேடைக்குப் பின்னாடி ஓடுனா.

“சார், அந்தக் கதைய விட்ருங்க சார். அது எங்கப்பா. மூணாவது வரிசைல உக்காந்திருக்காரு.”

பிரபாகர் மூஞ்சி வெளுத்துப்போச்சு. “நேத்தே சொல்லக் கூடாதாம்மா? அதை எடுத்துட்டா என் பேச்சுல ஒண்ணுமே இல்லம்மா.” அதுவரைக்கும் மேடம், இப்பத்தான் அம்மா. மேடைல அவரு பேரைக் கூப்புட்டுட்டாங்க.

5

முடிவு அ: பிரபாகர் உள்ளத உள்ளபடியே சொல்றாரு. மண்டபமே திரும்பி மூணாவது வரிசையப் பாக்குது. கந்தவேலு தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போறாரு. இனி எப்பவும் வாசப்படி தாண்ட மாட்டாரு.

முடிவு ஆ: மதுமதி மைக்கைப் புடுங்கறா. (சினிமா. வெட்டியாச்சு.)

முடிவு இ: கட்டில்ல படுத்தவரு எந்திரிச்சுட்டார்னு பிரபாகர் சொல்றாரு: “இன்னிக்கு அந்த எருமப்பட்டிக்காரருக்கு அஞ்சு ஷெட்டு!” மண்டபமே எந்திரிச்சுக் கைதட்டுது. “அடுத்த வருசமும் நீதாம்மா நடத்தோணும்”னு பண்ணைக்காரங்க சங்கத் தலைவர் மதுமதிகிட்டச் சொல்றாரு. கந்தவேலும் கைதட்டறாரு. எல்லாரும் நிறுத்தினப்புறமும் தட்டறாரு.

இதத்தான் வெச்சுக்கிட்டேன். மாநாடு ஜெயிச்சிருச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, பிரபாகரும் நானும் ஒரே வேலையத்தான பண்ணியிருக்கோம்? அவரு மேடைல எந்திரிக்க வெச்சாரு, நான் பஸ் ஏத்தி விட்டேன். அந்த மனுசன ஒருத்தரும் நிம்மதியாப் படுத்திருக்கக்கூட விடல.

6

சாப்பாட்டு வரிசை. கந்தவேலு தட்டுல பிரியாணி, மேல அவிச்ச முட்டை. தொடல.

“சாமி.”

“சொல்லுங்கப்பா.”

“அந்த எருமப்பட்டிக்காரரு. வெறும் ஷெட்டு மேல தண்ணி தெளிச்சாரே.”

மதுமதி அவரு தட்டுல தயிர்ப்பச்சடி வெச்சா.

“அவரு நெசமாலுமே எந்திரிச்சுட்டாரா சாமி?”

கேலியில்ல. கோவமுமில்ல. தெரிஞ்சுக்கணும்னு கேக்கறாரு. பின்னாடி நிக்கறவங்க நகருங்கன்னு சத்தம் போடறாங்க.

ஆமாங்கப்பான்னு டைப் பண்ணேன். அழிச்சேன். இல்லீங்கப்பான்னு டைப் பண்ணேன். அவரு மூஞ்சியப் பாத்துட்டு அதையும் அழிச்சேன்.

ராசிபுரத்துல எறங்கின பொண்ணுக்கு ஒருவேளை தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியலீங்க. நீங்க சொல்லுங்க. கொஞ்சம் சீக்கிரமாச் சொல்லுங்க, அந்த மனுசன் தட்டப் புடிச்சுக்கிட்டு அங்கயேதான் நிக்கறாரு.

மதுமதி சொன்னா: “