ஸ்டார்ட்டரின் சின்ன ஒயர்

வண்டியைக் கெடுப்பது என் வேலை, சரிசெய்வது என் வீட்டுக்காரர் வேலை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அவர் வண்டி எலக்ட்ரீஷியன். வீட்டை ஒட்டிய பட்டறையில் காலமெல்லாம் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துப் பூட்டியவர். அப்புறம் மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு வழி. ஒருநாள் எங்கள் பழைய வேனை எடுத்துக்கொண்டு டீத்தூள் வாங்கப் போனவர், சாயங்காலம் ஒரு போலீஸ்காரரோடு வந்து இறங்கினார். முன்பக்கம் பள்ளிக்கூட மதிலில் மோதி நசுங்கியிருந்தது. பிள்ளைகள் வெளியே வரும் நேரத்துக்குச் சற்று முன்னால்தானாம். 

சாவியைச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன். வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். கடைசியில் சுவரோரம் உட்கார்ந்து, "என் சாவியை எவனோ திருடிட்டான்டி" என்று அழுதார். அந்தக் கண்ணீரைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் என் தம்பி யோசனை சொன்னான். லேத் பட்டறை வைத்திருக்கிறான்.

"அக்கா, சாவியிலேருந்து ஸ்டார்ட்டருக்கு ஒரு சின்ன ஒயர் போகும். நுனியில இருக்குற கனெக்டரை உருவி விட்டுடு. லைட் எரியும், ஹாரன் அடிக்கும், வண்டி மட்டும் கிளம்பாது. மாமா திருகித் திருகிப் பாத்துட்டு வந்துடுவாரு."

"உன் மாமா கண்டுபிடிச்சிடுவாருடா."

"அதெல்லாம் மறந்திருக்கும்க்கா."

மறந்திருக்குமாம், மண்ணாங்கட்டி! நான் வண்டிக்கடியில் படுத்து, தட்டுத்தடுமாறி இழுத்ததில் கனெக்டர் பாதியாக ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மறுநாள் காலை அவர் சாவியைத் திருகினார். காதைச் சாய்த்தார்.

"டக்குன்னு ஒரு சத்தங்கூட இல்ல. சின்ன ஒயர்தான்" என்றார்.

பெண்டாட்டி பெயர் நாக்கில் நிற்காத மனுஷன் சொல்கிறார்!

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். ஸ்டார்ட்டருக்கு வரும் பெரிய ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், அதைக் கழற்றாமல் கீழே கை வைப்பவன் முட்டாள் என்பது அவர் வேதவாக்கு. சாக்கை விரித்துப் படுத்தார். ஒயரின் நுனியை வெட்டி, தோலைச் சீவி, செம்புக் கம்பிகளை முறுக்கி, புதுக் கனெக்டருக்குள் நுழைத்து பிளேயரால் நசுக்கினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மோட்டாரில் சொருகி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருகினார். வண்டி உறுமியது.

நான் எல்லாச் சாமியையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். அவரோ வண்டியை அணைத்துவிட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

"வண்டிக்காரனை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுடி. எந்த மடையனோ கனெக்டரைப் பிடிச்சு இழுத்திருக்கான்."

ரிப்பேர் பார்த்த வண்டி கஸ்டமருடையது. அதை ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றும் பழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது. அன்று முழுவதும் வேன் பக்கமே போகவில்லை. அந்த மடையன் நான்தான் என்று சொல்லவா முடியும்? சோப்புத்தூள் போட்டுக் கை கழுவினார், டீ கேட்டார், பழைய ஆள் மாதிரி என்னை வம்புக்கு இழுத்தார்.

"என்னடி, டீயா இது? வெந்நீருக்கு வர்ணம் அடிச்சிருக்க."

அந்தக் கிண்டலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அவர் பகலில் கண்ணயரும்போது அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போய் ஒடித்து வைப்பேன். மறுநாள் காலை சரிசெய்வார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், "அக்கா, கனெக்டரை வண்டிக்குப் போடுறீங்களா, வறுத்துத் திங்கிறீங்களா?" என்றான். "உனக்கும் ரெண்டு வறுத்து எடுத்துட்டு வரேன்" என்றேன். நுனியை வெட்டி வெட்டி ஒயர் குட்டையானது. அதையும் கவனித்துத் துண்டு ஒயர் ஒட்டுப் போட்டார்.

தம்பி வேனை விற்கச் சொன்னான். வாங்குவதற்கு ஓர் ஆளையும் கூட்டி வந்தான்.

"எதுக்குக்கா இந்த வம்பு? நெருப்போட விளையாடுற."

"போடா. காலையில அந்த ஒயரை மாட்டுறாரே, அந்த நேரம் மட்டுந்தான்டா அவரு என் புருஷன். மத்த நேரம் யாரோ ஒரு பெரியவருக்குச் சோறு போட்டுட்டு இருக்கேன்."

அவன் கூட்டி வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

எனக்கு அந்த ஒரு ஒயர் போதும். அதை அவர் மாட்டுகிற வரைக்கும் எதுவும் முடிந்துபோகவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட ஒரு காலையில் அவர் சாக்கை விரித்தார். நான் டீ போட உள்ளே போனேன். திரும்பி வரும்போது பேட்டரியைப் பார்த்தேன். நெகட்டிவ் கழற்றப்படவில்லை.

"ஏங்க! கையை எடுங்க!"

அதற்குள் படாரென்று வெடித்தது. பெரிய ஒயரின் நட்டிலும் வண்டியின் உடம்பிலும் ஸ்பேனர் ஒன்றாகப் பட்டுவிட்டது. தீப்பொறி தெறித்துப் புறங்கை பொசுங்கியது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். குழந்தை மாதிரி என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.  பாவி நான், அந்தக் கைக்கு நானே மருந்து போட்டேன்.

புண் ஆறியது. ஒரு காலை, புதுக் கனெக்டரை அவர் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்னது? அழகா இருக்கு" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றே தம்பிக்குப் போன் போட்டேன். "வண்டியை வித்துடுடா."

விற்கிற வண்டி கிளம்ப வேண்டாமா? இன்னொரு ஆளை அந்த ஒயரில் கை வைக்க விட எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் நானே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் சாக்கில் படுத்தேன். இத்தனை நாள் பக்கத்தில் நின்று பார்த்த வேலைதான். வெட்டினேன், சீவினேன், முறுக்கினேன், நசுக்கினேன். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

வண்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய செருப்பு தெரிந்தது. கஸ்டமர்கள் நிற்பது போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இன்னும் நேரமாகுங்களாம்மா?"

"முடிஞ்சுதுங்க."

வெளியே வந்து பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினேன். ஒரே திருகில் உறுமியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பரவாயில்லையே! நல்லா வேலை பாக்குறீங்க. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

வண்டியை அணைத்தேன்.

"என் வீட்டுக்காரர்கிட்டங்க."

"கெட்டிக்காரரா இருப்பாரு போலிருக்கே. எங்கம்மா அவரு?"

கையில் இருந்த கரியைச் சட்டையில் துடைத்தேன்.

"வெளிய போயிருக்காருங்க."

"அப்படியா? வரட்டும், பாத்துட்டே போறேன்" என்று சொல்லிச் சாக்கின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். மறு ஓரத்தில் எனக்கு இடம்விட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.