பாகத்தில் விட்டுப்போன மெயின்

சாமியப்பன் ஆணி அடித்த விதத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மூன்றே அடியில் நேராக இறங்கியது. இறங்கிய இடம்தான் தப்பு. சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்காது என்று, சுவர் நெடுக ஓடிய மரச்சட்டத்தைத் தேர்ந்தெடுத்து அடித்தான். அந்தச் சட்டத்துக்குள்தான் கரண்ட் ஒயர் ஓடியது. முப்பத்தெட்டு வருசமாக அந்த வீட்டிலேயே கிடப்பவனுக்கு அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

அறுபத்தேழாம் வருசத்து ஐப்பசி. ஒரு வாரமாக விடாத மழை. அவன் பட்டறைக்குச் சலவையிலிருந்து வந்த பனியன்கள் நாறத் தொடங்கியிருந்தன. ஆணியிலிருந்து ஜன்னல் கம்பி வரை இரும்புக் கம்பி கட்டி, "சபாசுடா சாமியப்பா" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். மர முக்காலிமேல் நின்று கட்டியதால் கரண்ட் அவனைத் தொடவில்லை. வேலையாட்கள் சோத்துக்குப் போயிருந்தார்கள். நூல் பிசிறு வெட்டும் சைதுன்னிசா மட்டும், முதலாளி தனியாகச் சிரமப்படுகிறாரே என்று, ஈரப் பனியனோடு வந்து கம்பியைப் பிடித்தாள். பிறகு கம்பி அவளைப் பிடித்துக்கொண்டது.

ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டான். தூக்கி எறியப்பட்டுப் பனியன் மூட்டைமேல் விழுந்தான். மரக்கட்டையால் தள்ளிவிட வேண்டும் என்கிற புத்தி மறுநாள் காலையில்தான் வந்தது.

"அண்ணா! கரண்டு! மெயின ஆப் பண்ணுங்ணா!"

மூன்று முறை கத்தினான். நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வருசத்துக்கு முன் அண்ணன் ஆத்தப்பனும் அவனும் பாகம் பிரித்து, வீட்டின் நடுவே ஒரு செங்கல் கனத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அது ஓடு வரைக்கும்கூடப் போகாத சுவர். இந்தப்பக்கம் தும்மினால் அந்தப்பக்கம் கேட்கும். சீட்டுப் போட்டதில் தெருப்பக்கம் தம்பிக்கு விழுந்தது. அண்ணனுக்குப் பின்சந்து, அதோடு மெயின் சுவிட்ச். "அத நீங்களே வெச்சுப் பொங்கல் வெய்யுங்ணா, எனக்கு வெளிச்சம் வந்தாப் போதும்" என்று சாமியப்பன் சொல்ல, பஞ்சாயத்தே சிரித்தது. ஆத்தப்பன் சிரிக்கவில்லை. அதன் பிறகு பேசவும் இல்லை.

தெருவைச் சுற்றிச் சேற்றில் விழுந்தெழுந்து பின்சந்துக்கு ஓடினான். வாசலில் அண்ணி மருதம்மாள் நின்றாள்.

"வாங்க தம்பி. மூணு வருசங் கழிச்சுத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"அண்ணி, மெயினு எங்கீங்க?"

"எந்த மெயினுங்க?"

உள்ளே ஆத்தப்பன் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "அந்தப் பொங்கல் வெக்கிற சாமானமா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டார். "தேடிப் பாரு. நீ பொறந்த ஊடுதானே."

பிறந்த வீடுதான். ஆனால் அப்பா இருந்தவரை அப்பாவும், அதற்குப் பிறகு அண்ணனும் தொட்ட மெயினை அவன் ஒருநாளும் தேடியதில்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தான். அடுப்படியில் பார்த்தான். போன மாத ஆயுதபூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அரிவாள்மனையில் இருந்தது, சைக்கிளில் இருந்தது. இரும்பென்று எது இருந்தாலும் பொட்டு வைப்பவள் அண்ணி. பொட்டு பொட்டாகத் தேடினான். கடைசிப் பொட்டு, மாலை போட்ட அப்பா படத்துக்குக் கீழே, இரும்புப் பெட்டியின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அப்பா தொங்கியதே மெயினின் கைப்பிடியில்தான்.

இழுத்தான். கரண்ட் போயிற்று. அப்பா கீழே விழுந்து உடைந்தார்.

"ஐயோ, மாமா படம்!" என்று மருதம்மாள் அலறினாள். அன்றைக்கு அண்ணன் பாகத்திலிருந்து எழுந்த முதல் அலறல் அது.

சைதுன்னிசா பிழைத்துக்கொண்டாள். வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் உள்ளே மடங்கியது மடங்கியபடியே நின்றன. ஆஸ்பத்திரிக்குப் போனவனிடம், "எடது கையிலயும் கத்தரி புடிச்சுப் பழகிக்கலாமுங்க, மொதலாளி. வேலைக்கு வேற ஆள வெச்சுராதீங்க" என்றாள். பஞ்சாயத்தையே சிரிக்க வைத்தவன் வராந்தாவில் நின்று அழுதான்.

அவனுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அண்ணியிடம் கேட்டான். "தாளிச்சுட்டு இருந்தேனுங்க, ஒண்ணுமே காதுல உளுகல." பாகம் பிரித்து வைத்த பெரியவர் தண்டாயுதபாணியிடம் கேட்டான். "அதையெல்லாங் கிளறாதீங்க சாமி, அண்ணந்தம்பி."

பத்தாம் நாள், தம்பி பாகத்துக்குத் தனி மெயின் வைக்க ஒயர்மேன் வந்தான். பழைய மெயினை அணைத்துவிட்டு ஆத்தப்பன் அதன்கீழே நின்றார். புதுக் கண்ணாடி போட்ட அப்பா இப்போது வேறு ஆணியில் தொங்கினார்.

"ஏனுங்ணா, அன்னிக்கு நாங் கத்துனது கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"அப்பறம் ஏனுங்ணா எந்திரிக்கல? அந்தப் புள்ள உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

மூன்று வருசத்தில் முதல்முறையாக ஆத்தப்பன் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைன்னு எனக்கெப்படித் தெரியும்? கேட்டது உன்ற கொரலு. மாட்டிக்கிட்டது நீன்னு நெனச்சேன்."