ஈப்போக் காற்றின் கனம்

என் அக்கா சசிரேகாவின் காருக்கு நாற்பத்தேழு வயது. அக்காவுக்கு இருபத்தைந்து. வீட்டில் அம்மா யாரை அதிகமாகத் திட்டுவார் என்று கேட்டால், வயதுக்கு மரியாதை கொடுத்து, காரைத்தான்.

இரண்டு கதவு செலிக்கா, பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எங்கள் மலையிலேயே, லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்து ஓரத்தில், பின் இருக்கையில் முள்ளங்கி மூட்டைகளைச் சுமந்தபடி நின்றிருந்ததை அக்கா கண்டுபிடித்தாள். பூத்தோட்டக்காரர்கள் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் கூடாரத்தைக் கொண்டுவந்து, எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டாள். அதற்குள் கார் தக்காளிச் செடியைப்போலப் பத்திரமாக வளர்ந்தது. தேயிலை ஆலையில் கழித்த காற்றுக் குழாயை வெட்டி இன்ஜினுக்கு மூக்கு வைத்தாள். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினாள். எஸ்டேட் ரோட்டின் முதல் மேட்டிலேயே வயிறு தட்டியது. வேறு ஸ்பிரிங் வாங்கி மறுபடியும் உயர்த்தினாள். இந்த மாபெரும் மாற்றத்துக்குப் பிறகு கார் பழையபடியே இருந்தது.

நான் குகனேஸ்வரன். கல்லூரியில் நிர்வாகம் படிக்கிறேன். அதாவது, மற்றவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று தலையாட்டுவதில் இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்தால் அக்காவுக்கு டார்ச் பிடிப்பேன். அவள் ஆலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்தாள். வேலை முடிந்து வந்ததும் கைலியை மாற்றிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவாள். பேச வேண்டுமென்றால் கால்களிடம்தான் பேச வேண்டும்.

அவள் உயிரை வாங்கியது கார்புரேட்டர். அதற்குள் ஜெட் என்று சிறிய பித்தளைத் துண்டுகள் உண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் மயிரிழை அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் போகும். எண் பெரிதானால் துளை பெரிது, பெட்ரோல் அதிகம். வாங்கும்போது உள்ளே நூற்று முப்பத்தைந்தாம் எண் இருந்தது. கார் கரும்புகையாகக் கக்கியது. அக்கா மூன்று மாதம் ஒவ்வோர் எண்ணாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். நூற்றிருபதைப் போட்ட அன்று புகை நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தாள். அந்த உறுமலில், மதியம் இரண்டு மணிக்கு, லயத்துச் சேவல் ஒன்று எழுந்து கூவியது.

அந்தச் சத்தத்தை வீடியோ எடுத்துப் போட்டாள். மறுநாள் மலைக்குக் கீழே ஈப்போவிலிருந்து புனிதன் என்பவர் செய்தி அனுப்பினார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் பார்க்கிற பட்டறை அவருடையது. "ஒரு ஆள் வேணும். உன் காடிய சனிக்கிழம ஒரு மணிக்குள்ள ஓட்டிக்கிட்டு வா. வாசல்ல மூணு நிமிசம் ஒழுங்கா ஓடணும். லோரியில ஏத்திக்கிட்டு வந்தா அப்படியே திரும்பிப் போயிரலாம்."

அக்கா அதைப் பதினேழு முறை படித்தாள். எண்ணியது நான்.

ஆலையிலோ, திங்கட்கிழமை அவள் பேக்கிங் மேற்பார்வையாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தப் படிவத்தை ஆபீஸ் கிராணி வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டால் ஐந்து வருட ஒப்பந்தம். அக்கா எனக்கு மட்டும் சொன்னாள்: "அஞ்சு வருசம் டப்பாவுக்கு மூடி சரியா இருக்கான்னு பாக்கணும்டா. சனிக்கிழம மட்டும் சொதப்புச்சு, நான் செத்தேன்."

சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். அம்மா வாசலில் நின்றார்.

"ஏன்டி ரேகா, பஸ்ஸுல போனா என்னா? பஸ்ஸு போவாதா ஈப்போவுக்கு?"

"காடியத்தானம்மா அவரு பாக்கணும். என்னையா பாக்கப்போறாரு?"

"உன்னையப் பாக்காம எப்படிடி வேலை குடுப்பாரு?" என்று அம்மா என்னைப் பார்த்தார். "டேய், வழியில நின்னுச்சுன்னா நீதான் தள்ளணும். பாத்துக்க."

குடும்பத்தில் என் பதவி இவ்வாறு உறுதி செய்யப்பட்டது.

பிரிஞ்சாங்கில் பெட்ரோல் போட்டோம். வழிக்குக் கொறிக்க ஒரு பொட்டலம் கெரோப்போக் வறுவல் வாங்கினேன். தலையணை மாதிரி உப்பியிருந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் எல்லாப் பொட்டலமும் அப்படித்தான் இருக்கும். சப்பையாக இருந்தால்தான் யாராவது பிரித்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுவோம்.

கம்போங் ராஜாவைத் தாண்டும்வரை எங்களைவிடச் சந்தோஷமான இரண்டு பேர் பஹாங் மாநிலத்தில் இருந்திருக்க முடியாது. அக்கா வளைவுகளில் கியரைக் குறைக்கும்போதெல்லாம் இன்ஜின் உறுமியது. எதிரே வந்த கோஸ் லோரிக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சுற்றுலா பஸ்ஸில் ஒரு கும்பலே எழுந்து நின்று போன் கேமராவைத் திருப்பியது. நான் கண்ணாடியை இறக்கிவிட்டு, காரைக் கட்டியவன் நான்தான் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பாத்தியாடா? பாத்தியா எப்படி இழுக்குதுன்னு!" அக்கா ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "மூணு நிமிசம் என்னா, மூணு நாளு ஓடும்!"

மலை இறங்க ஆரம்பித்தது. பேராக் எல்லைக்குள் நுழைந்து பாதி தூரம் வந்திருப்போம். கார் தும்மியது.

ஒரே ஒரு தும்மல். நாங்கள் இருவரும் கேட்காததுபோல் நடித்தோம். அடுத்த வளைவில் இரண்டு. அதற்கடுத்த மேட்டில் மிதித்தால் இழுக்கவில்லை. கார்புரேட்டர் பக்கம் 'டப் டப்' என்று வெடித்தது. சூட்டு முள் ஏறிக்கொண்டே போனது. எங்களை முந்திய ஒரு முள்ளங்கி லோரியின் முகத்தில் பழைய பகை தெரிந்தது.

அக்கா ஓரம் கட்டினாள். மணி பதினொன்று பத்து. பானட்டைத் திறந்தாள்.

"பெட்ரோல்ல தண்ணியோ?" என்றாள். பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. துணியைச் சுற்றி ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றினாள். முனை சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது.

"நேத்து பிஸ்கட் கலர்ல இருந்துச்சுடா. வெள்ளன்னா பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். நேத்து பத்துன பெட்ரோலு இன்னிக்கு எப்படி பத்தாம போவும்?"

படித்த படிப்புக்கேற்ப நான் தலையாட்டினேன். பசித்தது. கெரோப்போக்கைத் தேடி எடுத்தேன். பொட்டலம் சப்பையாகக் கிடந்தது.

"அக்கா, ஏமாத்திட்டாங்கக்கா! ஓட்ட பொட்டலத்தக் குடுத்துட்டாங்க. மேல நல்லா உப்பியிருந்துச்சு, காத்தெல்லாம் எறங்கிப்போச்சு."

"இப்ப உனக்கு கெரோப்போக்குதான் முக்கி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பொட்டலத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள். பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றி அமுக்கினாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஓட்டையே இல்லடா."

"அப்ப காத்து எங்க போச்சு?"

"காத்து எங்கயும் போவல. வெளிய இருக்கற காத்துதான் அமுக்குது." அவள் மலையை அண்ணாந்து பார்த்தாள். "மேல காத்து லேசு. கீழ வர வர கனம். லேசான காத்துக்குத்தான்டா நான் பெட்ரோலக் கொறச்சிருக்கேன். இங்க காத்து மட்டும் மூட்ட மூட்டையா உள்ள போவுது, பெட்ரோலு பழைய அளவுதான். மூணு மாசம்... மூணு மாசம் அந்த லயத்தச் சுத்திச் சுத்தியே ஓட்டிப் பாத்திருக்கேன்!"

தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கண்கள் பளபளத்தன. என்ன கோளாறு என்று தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குத் துக்கம். தெரிந்துவிட்டால் பாதி கல்யாணம்.

"வேற ஜெட் இருக்கா?"

"இல்ல. சோக் இருக்கு."

சோக் என்பது குளிரில் இன்ஜினைக் கிளப்ப, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் பிடி. டேஷ்போர்டில் குமிழ் மாதிரி இருக்கும். கொஞ்சமாக இழுத்து வைத்தால் பெட்ரோல் சரியாகிவிடும் என்றாள். கிளப்பினாள், இழுத்தாள், இன்ஜின் தும்மலை நிறுத்தியது. விட்டாள், குமிழ் 'டக்' என்று உள்ளே போனது, இன்ஜின் தும்மியது.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வெரல் அளவு. கூட இழுத்தா மூச்சு முட்டும். கொறஞ்சா வெடிக்கும். விட்டேன்னா கொன்னுருவேன்."

இவ்வாறு நான் ஒரு நாற்பத்தேழு வயது காரின் உதிரிப் பாகமானேன். சிம்பாங் பூலாயில் சமதளம் வந்தபோது என் கை மரத்துவிட்டது. மூக்கு அரித்தது. சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் அக்கா, "புடி, புடி, புடி" என்று மந்திரம் சொன்னாள். ஈப்போ வெயில் உள்ளே கொதித்தது; சூட்டு முள் ஏறிவிடும் என்பதால் ஏசிகூடப் போடவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குப் பட்டறை வாசலில் போய் நின்றோம்.

புனிதன் அண்ணனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழவில்லை.

"ஓட்டிக்கிட்டா வந்த?"

"ஆமாண்ணே."

"ஓடட்டும். மூணு நிமிசம்." என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். பார்க்கவே இல்லை. காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அக்கா இறங்கி, திறந்த கதவோரம் நின்றாள். அரை நிமிடம் போனது.

"அந்தப் பையன் ஏன் எறங்காம ஒக்காந்திருக்கான்?"

"சும்மா காத்து வாங்கறேண்ணே," என்றேன்.

"கண்ணாடிய மூடிக்கிட்டா?"

நான் அக்காவிடம் குனிந்து கிசுகிசுத்தேன். "பையில துணி கிளிப் இருக்குக்கா. சோக்குக்கு அண்ட குடுத்துட்டு எறங்கிர்றேன். அவருக்கு எங்க தெரியப்போவுது? இன்னும் ரெண்டு நிமிசந்தான் லா."

அக்கா என் கையைப் பார்த்தாள். அவர் முதுகைப் பார்த்தாள். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள்.

"அண்ணே, காடி சரியா ஓடல. இவன் சோக்கப் புடிச்சிருக்கான். மேல ட்யூன் பண்ணுன ஜெட்டு, நூத்தி இருவது. கீழ வந்தா பெட்ரோல் பத்தாதுன்னு எனக்குத் தோணவேயில்ல."

சாப்பிட்ட கை நின்றது. அவர் மெதுவாகத் திரும்பினார்.

"எத்தன நாளு ட்யூன் பண்ணுன?"

"மூணு மாசம்."

"ஒரு நாளுகூடக் கீழ எறக்கலையா?"

"பிரிஞ்சாங் வரைக்கும் போனேண்ணே."

"பிரிஞ்சாங்கும் மலமேலதானம்மா இருக்கு!"

"அது இன்னிக்கு பதினொன்ற மணிக்குத்தாண்ணே தெரிஞ்சிச்சு."

அவர் சிரித்த சிரிப்பில் நெத்திலி ஒன்று தட்டைவிட்டு வெளியேறியது. எழுந்து கை கழுவினார். சுவரோரம் இருந்த ஒரு இழுப்பறையை உருவி அக்கா முன்னால் வைத்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் ஜெட்டுகள், எண்வாரியாக.

"ஒரு மணிக்கு ஷட்டர எறக்கிருவேன். எது வேணுமோ எடுத்துப் போடு. ஒரே தடவதான்."

பன்னிரண்டு ஐம்பது. அக்காவின் விரல் நூற்று முப்பத்தைந்தில் நின்றது. நகர்ந்தது. நூற்று முப்பதில் நான்கை எடுத்தாள்.

"மொதல்ல இருந்தது முப்பத்தஞ்சுதானக்கா?" என்றேன்.

"அது எவனோ போட்டது. கொஞ்சம் கூடுதல். பிளக்குல கரி பாத்தேன்ல, எனக்குத் தெரியும். டார்ச்சப் புடி."

பிடித்தேன். என் வாழ்நாளில் இத்தனை நேராக எதையும் பிடித்ததில்லை. முதல் ஜெட். இரண்டாவது. மூன்றாவதைத் திருகும்போது ஸ்குரூடிரைவர் வழுக்கியது. நான்காவது அவள் உள்ளங்கையிலிருந்து உருண்டு இன்ஜினுக்குள் எங்கேயோ 'டிங்' என்றது.

"நவராத! வெளிச்சத்த அங்கயே வையி!" சூடான குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவே கையை விட்டாள். பல்லைக் கடித்தாள். தோள் வரை உள்ளே போனது. வெளியே வந்த கையில் முழங்கைக்குக் கீழே சிவப்புக் கோடு. விரல் நுனியில் ஜெட்.

பன்னிரண்டு ஐம்பத்தாறு. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. புனிதன் அண்ணன் ஷட்டர்க் கொக்கியைக் கையில் எடுத்தார்.

மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது!

நான் போலீஸ்காரரைப் பார்த்தவன் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கினேன். சோக் உள்ளே கிடந்தது. யாரும் எதையும் பிடிக்கவில்லை. இன்ஜின் தானாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதுகைக் காட்டி நின்றார். ஒரு நிமிடம். இரண்டு. அக்கா மூச்சு விட்டாளா என்று தெரியவில்லை. மூன்றாவது நிமிடம் முடிந்ததும் அவர் வந்து கார்புரேட்டர் கம்பியை ஒரு சுண்டு சுண்டினார். உறுமல் பட்டறைத் தகரம் முழுக்க அதிர்ந்து, அதே சீருக்கு இறங்கி வந்தது.

"திங்கக்கிழம எட்டர," என்றார். "லேட்டா வந்தா வராத. கைக்கு மருந்து போடு."

ஷட்டர் இறங்கியது.

அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். எங்கள் குடும்பத்தில் இது முத்தத்துக்குச் சமம். நடு ரோட்டிலேயே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

"அம்மா! கெடச்சிருச்சும்மா! திங்கக்கிழம வரச் சொல்லிட்டாரு!"

"என்னாடி சொல்ற? ஒண்ணும் கேக்கல. அது என்னா சத்தம் பின்னாடி, யாரு காடி அது?"

"நம்ம காடிம்மா!"

அம்மா திரையில் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, காதைக் கேமராவுக்குக் கொடுத்துக் கேட்டார்.

"அந்தச் சனியனா? வீட்டுல இப்படிக் கத்தலையே."

"இங்க காத்து கனம்மா!" என்று கத்திய அக்கா, போனை என்னிடம் தள்ளிவிட்டு உள்ளே தாவி ஏறினாள். "டேய், இன்ஜின் பக்கத்துல கொண்டு போ. நல்லா கேக்கட்டும்!"

ஆக்சிலேட்டரைத் தரைவரை மிதித்தாள்.