கொசுக்களுக்குச் சோறு போட்ட கை

கொலம்பியாவில், எங்கள் ஊர் மகாங்கேயில் கொசுவுக்கு யாரும் அலைய வேண்டியதில்லை. ஆற்றுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தால் குடும்பத்தோடு வந்து தங்கிவிடும். அப்படியிருந்தும் என் மனைவி நூபியா கொசு வளர்க்கிறாள். ஆய்வகத்தில் அவளுக்கு அதுதான் உத்தியோகம். அங்கே வலைக் கூண்டுக்குள் இருப்பவை நோய் நொடி அறியாத, நல்ல வம்சத்துக் கொசுக்கள். முட்டையிட அவற்றுக்கு ரத்தம் வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள், "கையைக் கொஞ்சம் குடேன்" என்றாள். பிடித்துக்கொள்ளத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். கூண்டுக்குள் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்குக் காப்பி, கொசுக்களுக்கு நான்.

கடிப்பது பெண் கொசுக்கள் மட்டும்தான். அதனால் மரியாதையாகவே பழகினேன். நான் இருமினால் கூண்டின் வாசலுக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். கார்னிவல் திருவிழாக் குடி முடிந்த மறுநாள் என்னைக் குடித்துவிட்டு வட்டமடித்துக் கீழே விழுந்தார்கள். சாயங்காலம் வரை ஒருத்தியும் ரீங்காரம் செய்யவில்லை, தலைவலி. எனக்குக் காய்ச்சல் கண்டபோது மெல்ல வந்து கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குடிக்காமலே திரும்பிப் போனார்கள். இதையெல்லாம் நான் சொன்னால் நூபியா நம்பமாட்டாள். விஞ்ஞானி.

டிசம்பரில் அவளுக்குப் பணி ஓய்வு. அதற்கு முன் ஆகஸ்டில் மெடெயின் நகரத்தில் வெப்பமண்டல மருத்துவ மாநாடு. அங்கே கொசு விரட்டிகளுக்கு ஒரு போட்டி வைப்பார்கள்: மருந்து பூசிய கையைக் கூண்டுக்குள் நீட்ட வேண்டும், குறைவாகக் கடிபட்ட கையின் மருந்து ஜெயிக்கும். வேலி ஓரத்து மதாரத்தோன் மரத்தின் இலையிலிருந்து நூபியா வருஷக்கணக்காக ஒரு களிம்பு காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாநாட்டுக்கும் விண்ணப்பிப்பாள், ஒவ்வொரு முறையும் தேர்வுக் குழு திருப்பி அனுப்பும். இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

இந்த முறை களிம்பு வேலை செய்தது. முடிதிருத்தும் வில்ஃபிரிதோ, மீன் விற்கிற தாமாரிஸ், பாதிரியார் என்று தெருவே வந்து களிம்பைப் பூசிக்கொண்டு கையை விட்டது. ஒருவருக்கும் ஒரு கடி இல்லை. பூசாத கை எப்படிக் கடிபடும் என்று காட்ட என் கை. அது வழக்கம்போல அம்மை போட்டதுபோல் ஆனது. நூபியா ஆய்வகத்தின் நடுவே ஆடினாள். அவள் ஆடி நான் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து வில்ஃபிரிதோ மறுபடி வந்தான். ஊர்க் கதை பேசிக்கொண்டே, வீரம் காட்டுகிறவன்போல, கையைக் கூண்டுக்குள் விட்டுவிட்டான்.

"பாத்தீங்களா டாக்டர், என்னைக் கண்டாலே நடுங்குதுங்க!"

நூபியா திரும்பினாள். "இன்னிக்குக் களிம்பு பூசினியா?"

"எங்க பூசினேன்? இப்பத்தானே வந்தேன்."

நூபியா கூண்டருகே வந்தாள். தன் வெறுங்கையை உள்ளே விட்டாள். கொசுக்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வில்ஃபிரிதோ தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினான்.

"பூசின கை ஊராருது. பூசாத கை உன்னுது" என்றாள். "எப்பவுமே உன்னுது. இதுங்க தலைமுறை தலைமுறையா உன்னை மட்டுமே குடிச்சு, வேற யாரையும் தொடறதில்ல. என் களிம்பு வெறும் களிம்பாவே இருக்கலாம், கிழவா."

"விண்ணப்பத்துல இதையெல்லாம் யாரு கேக்கப் போறாங்க? அனுப்பிடு கிழவி."

"யாரும் கேக்கமாட்டாங்க. ஆனா எனக்குத் தெரியுமே."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் அவளுக்கு அழுகை வருகிறது என்று அர்த்தம். நான் சட்டைக் கையை மடக்கினேன்.

"பூசு."

"யோசிச்சுக்கோ. இதுல தோத்தா அவ்வளவுதான்."

"கை என்னோடது. யோசிக்கிறது அதுக்குப் பழக்கமில்ல. பூசு."

விரல் நுனியிலிருந்து முழங்கை வரை பூசினாள். அவள் பேனா எடுக்கத் திரும்பிய நேரத்தில் நான் கூண்டருகே குனிந்து, "பெண்களே, இன்னிக்கு ஒருநாள் பட்டினி கிடங்கம்மா" என்று வேண்டிக்கொண்டேன்.

கையை விட்டேன். ஆசையோடு கூட்டமாக வந்தார்கள். ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றார்கள். என் கையிலா இந்த நாற்றம் என்று பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போய் வலையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நூபியா கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். நான் சந்தோஷப்பட வேண்டும்தான். ஆனாலும் நெஞ்சில் ஏதோ கொஞ்சம் வலித்தது.

கடைசி நேரத்தில் மூலையிலிருந்து ஒருத்தி நடந்து வந்தாள். வயதானவள், ஒரு கால் இழுத்தது. பறக்கத் தெம்பில்லை. நடுவழியில் தும்மினாள். இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டு எலும்பின்மேல் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நான் கோயில் புனிதர் சிலைபோல முகத்தை வைத்துக்கொண்டேன். நேரம் முடிந்ததும் கையை எடுத்து நேராகப் பாக்கெட்டில் போட்டேன்.

"ஒரு கடிகூட இல்ல. ஜெயிச்சுட்ட!"

"கையைக் காட்டு."

"கை சுத்தமா இருக்கு."

"உனக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துபோச்சு. காட்டு."

காட்டினேன். மணிக்கட்டில் சின்னதாக ஒரு தடிப்பு. நூபியா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள். "ஒண்ணே ஒண்ணு! கிழவா, களிம்பு வேலை செய்யுது!" சொல்லிவிட்டு அழுதாள். முக்காலி காலியாக இருந்தது, நின்றுகொண்டேதான் அழுதாள்.

மெடெயினுக்கு அவளே போன் செய்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்: சோதித்த கை ஒன்றே ஒன்று, கணவன் கை, விழுந்த கடி ஒன்று. அந்தப் பக்கம் தேர்வுக் குழுப் பெண்மணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, மற்ற எல்லாரும் கடியே இல்லை என்றுதான் சொல்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள், கூண்டையும் அந்தக் கையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

விமானத்தில் கொசுக்களை ஏற்றமாட்டார்கள். பேருந்தில் போகிறோம். கூண்டு என் மடியில் வரும், பசித்தால் நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

"ஜெயிப்போமா கிழவி?" என்று நேற்று கேட்டேன்.

"எப்படி ஜெயிக்கிறது? அங்க ஒண்ணுமே கடிக்காத களிம்பெல்லாம் வரும்."

"அப்போ எதுக்கு அவ்வளவு தூரம்?"

"அந்த ஒருத்தி ஏன் கடிச்சான்னு அத்தனை பேரு முன்னாடி கேக்கணும். யாருக்காவது தெரிஞ்சிருக்கும்."

காரணம் எனக்குத் தெரியும் என்றேன். ஆதாரம் இருக்கா என்றாள். இல்லை என்றேன். "அப்படின்னா வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்று, இருந்ததில் பெரிய அரேப்பாவை, அந்தச் சோள ரொட்டியை, என் தட்டில் தள்ளினாள்.